பேக்கரி அடுப்பில் எட்டு மணி நேரம்

— வேண்டாம்ட்டி செல்வி, அந்தப் பெட்டியக் கொண்டுட்டுப் போ. நன்றி வாங்குத அளவுக்கு நான் ஒண்ணும் செஞ்சிறல.

— நல்லா இருக்கே ஷீலாக்கா! நடக்க முடியாதவ, சென்னைக்குப் போயி வீல்சேர் பந்தயத்துல மூணாவதா வந்து நிக்கேன். வண்டி செஞ்சு குடுத்தது நீங்க. வேற யாருகிட்ட போயி நன்றி சொல்ல?

— மொத வண்டியும் நாந்தாம்ட்டி செஞ்சேன். திருநெல்வேலியில பாதி ஓட்டத்துல ஒடிஞ்சு, தோள்பட்ட முறிஞ்சு கெடந்தியே, மறந்துட்டியா?

— அத ஏன் இப்ப இழுக்குதீங்க?

— தப்பு என்னுதுல்லா. டிராக்டர் கலப்பைக்குப் பத்தவச்ச கை, பாத்துக்கோ. இரும்புக்குப் போடுத மாதிரியே அலுமினியக் குழாய்க்கும் மேல மேல வெல்டு போட்டேன். போட்ட எடம் கல்லு மாதிரி நின்னுட்டு. ஒரு விரக்கட தள்ளி ஒடிஞ்சிட்டு. பத்தவைக்கித சூட்டுல பக்கத்து எடம் பலம் இத்துப் போயிரும்னு பொறவுதான் புத்தி வந்துச்சு.

— ரெண்டாவது வண்டிக்கு என்ன செஞ்சீங்க?

— பதம் ஏத்தாத, இன்னும் முழுசா எறுகாத குழாயா வாங்கி, அளவாப் பத்தவச்சு, சக்கரம் மாட்டுததுக்கு முந்தி முழுக் கூட்டையும் அடுப்புல வச்சேன். நூத்தி எழுவது டிகிரி, எட்டு மணி நேரம், கூடாம குறையாம. அந்தச் சூட்டுலதான் வெல்டும் குழாயும் சேந்து எறுகும். நேசம்மாக்கா பேக்கரி அடுப்பு. கும்புடணும்னா அவியளக் கும்புடு.

— சரி, அது கெடக்கட்டும். உங்க கல்யாணத்துக்குத்தான் நான் இல்லாமப் போயிட்டேன். கேக்கு வெட்டாம, நீங்களும் ஜேம்ஸ்ராஜ் அண்ணாச்சியும் பன்னு வெட்டுனீங்களாமே? கருமின்னு ஊரே சிரிக்கி!

— அது... அடுப்பு ரிப்பேராயிட்டு, பாத்துக்கோ. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. பெட்டியில என்னட்டி, கடம்பூர் போளியா?

— நல்லா இருக்கே! உங்களுக்குப் பொய் சொல்ல வரலக்கா. நேரா பேக்கரியில இருந்துதான் வாரேன். கல்யாணத்துக்கு மொத நாளு, கேக்கு மாவ ஒதுக்கி வச்சிட்டு என் வண்டிய உள்ள வைக்கச் சொன்னது நீங்கதானாம். நேசம்மாக்கா சொல்லச் சொல்ல, இசக்கியம்மா சத்தியமா, என்னால அழுகைய அடக்க முடியல.

— அவிய வாயி சும்மா இருக்காது. மறுநா காலையில நீ ரயில் ஏறணும்லாட்டி. கேக்கு இல்லாட்டா கல்யாணம் நின்னா போவும்?

— நிக்கல. ஆனா இப்ப அண்ணாச்சியக் கூப்புட்டுக் கத்திய எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பெட்டியில இருக்கது போளி இல்லக்கா, அன்னைக்கு அடுப்புக்குப் போகாத உங்க கல்யாணக் கேக்கு.