பதினேழு ஒன்றுகளை வகுத்த பேராசிரியை

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் தையற்கடை அண்ணன் அவர்களே, கூடியிருக்கும் பெருமக்களே!

அண்ணனின் துணைவியார், நம் கணிதத்துறைத் தலைவர், மறைந்துவிட்டார். யாரைப் பார்த்தாலும் "மீதி எவ்ளோ?" என்று கேட்டதால் இந்த ஊர் அவரை மீதியம்மா என்றே அழைத்தது. அழுவதற்காக மட்டுமா இங்கே கூடியிருக்கிறோம்? இல்லை. அவர் வென்ற கதையைச் சொல்லவும்தான்.

கணிதத்துறைக்கு மாணவர் வரத்து குறைந்த ஆண்டு அது. துறையை மூடிவிடலாம் என்றார் முதல்வர். "கூட்டல் கழித்தலுக்கு மெஷின் இருக்கு மேடம். உங்க துறைய யார் தேடறாங்க?" என்று நேரடியாகவே கேட்டார்.

மீதியம்மா வாதாடவில்லை. மறுநாளே கல்லூரி வாசல் பலகையில் பதினேழு ஒன்றுகளை வரிசையாக, ஒரே எண்ணாக எழுதினார். "ஒன்றும் இதே எண்ணும் தவிர, இதை மீதியில்லாமல் வகுக்கும் எண் எது? ஞாயிறு மாலை வாருங்கள், தேடுவோம்" என்று கீழே குறித்தார்.

யார் வருவார்கள் என்று அதே துறையில் பாடம் நடத்திய நான்கூடச் சிரித்தேன். பேருந்து நடத்துநர் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எல்லா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை, முப்பத்துநான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரும் எண்கள் மட்டுமே இதை வகுக்க முடியும் என்று நிறுவிக்காட்டி, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார் மீதியம்மா. "விடை புத்தகத்துல இருக்குமே மேடம்?" என்றார் நடத்துநர். "இருக்கு. சாப்பாட்டுப் படத்தைப் பாத்தா வயிறு நிறையுமா?" என்றார் மீதியம்மா.

ஆண்டுகள் ஓடின. ஞாயிறுதோறும் கல்லூரிக் கூடம் நிறைந்து வழிந்ததால் துறையை மூடும் பேச்சு தள்ளிப்போனது. இது எத்தனை நாளைக்கு என்று பார்க்க வந்த முதல்வர் கையிலும் ஒரு பென்சிலைத் திணித்தார் மீதியம்மா.

ஒரு ஞாயிறன்று முதல்வர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார்.

"மேடம், எனக்கு மீதியே வரல. எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல."

மீதியம்மா தாளை வாங்கி வரி வரியாகச் சரிபார்த்தார்.

"தப்பே இல்ல சார். அகப்பட்டுடுச்சு!"

இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்துமூன்று! மருந்துக்கடைக்காரர் பெஞ்சின்மேல் ஏறி நின்று கைதட்டினார். முன்பே எழுதி வைத்திருந்த துறையை மூடும் உத்தரவை முதல்வர் தம் கையாலேயே கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் துறைக்கு மாணவர் பஞ்சமே வரவில்லை.

இப்படி ஒரு பேராசிரியைக்கு மௌன அஞ்சலி மட்டும் போதுமா? போதாது பெருமக்களே. அவர் தொடங்க நினைத்த அடுத்த எண் இருபத்தொன்பது ஒன்றுகள். அதை நாம் எடுத்துக்கொள்வோம் என்று இந்த அவையில் உறுதி ஏற்போம். இதற்கு ஐம்பத்தெட்டால் வகுத்து மீதி ஒன்று வரும் எண்களைத் தேட வேண்டும். முதலில் வருவது ஐம்பத்தொன்பது. நாற்காலிகளைக் கொஞ்சம் நெருக்கிப் போடுங்கள், இப்போதே வகுக்கத் தொடங்குவோம்.