கட்டில் ஓரத்தில் நின்றவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்திக்கு நடந்தது. தையல் வேலை செய்கிறவள்.

மாலை ஆறு மணி. பூட்டிக் கிடந்த கிடங்குகளை ஒட்டி ஒரு சாலை... ஆள் நடமாட்டமே இல்லை. சித்தி தனியாக நடந்துகொண்டிருந்தாள். பையில், தலையில் உறுத்தாத பருத்தித் தொப்பி ஒன்று. தன் மகளுக்கல்ல, இன்னொருத்தியின் மகனுக்கு.

இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தப் புற்றுநோய். வேறு வேறு ஆஸ்பத்திரி. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அம்மாக்கள் இருவருக்கும் அங்கேதான் பழக்கம். நேரில் பார்த்ததே இல்லை.

அந்தப் பையன் படத்துக்கு ஆயிரக்கணக்கில் லைக் குவியும். சித்தி மகளுக்குப் பதினொன்று... அதிலும் நாலு பேர் சொந்தக்காரர்கள். சித்திக்கு வயிறு எரியும். ஆனாலும் தினமும் ராத்திரி, மகள் தூங்கியதும், அந்தப் பையன் படங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு லைக் கூடப் போட்டதில்லை.

அன்று அவன் அம்மா எழுதியிருந்தாள்: ரத்த அணுக்கள் ஏறிவிட்டன, வீட்டுக்கு வந்துவிட்டோம். சித்தி மகளுக்கோ அன்றுதான் இறங்கியிருந்தது. தொப்பி தருகிறேன் என்று முகவரி கேட்டு வாங்கியது வெறும் சாக்கு. அவன் நிஜமாகவே தேறிவிட்டானா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பையன் வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே கட்டிலில் பையன். சித்தியைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"அம்மா... இவங்கதான்."

அவன் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஒரு மாசமா சொல்றான். ராத்திரியானா ஒரு ஆன்ட்டி கட்டில் ஓரமா நின்னு என்னையே பாக்கறாங்க, மெஷின் எண்ணெய் வாசனை அடிக்குதுன்னு. மருந்தாலதான் அப்படின்னு நெனச்சேன்."

சித்தி தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள்... தொப்பியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அதன்பின் அந்தப் படங்களை அவள் திறக்கவேயில்லை. பையன் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறான் என்று செய்தி வந்தது.

மூன்றாம் வாரம், சித்தி தன் மகள் சிரிக்கிற படம் ஒன்றைப் போட்டாள். யாரோ பகிர்ந்து, அதை இன்னும் யார் யாரோ பகிர்ந்து... ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அந்தப் பையனைவிட அதிகம். சித்திக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று ராத்திரி மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கட்டிலில் பாதி காலி.

"நல்லா நடுவுல படும்மா."

மகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எங்கேம்மா படுக்கறது... எல்லாரும் உக்காந்திருக்காங்க."

சித்தி அந்தப் படத்தை அழித்தாள். காலியாகக் கிடந்த பாதியில் மெத்தை அமுங்கியிருந்தது... விடியும்வரை அது மேலெழவேயில்லை.