உமிப் பெட்டியில் ஒரு பேரு

கையுறையக் கழட்டாதீங்க, அப்புறம் உங்க விரலுக்கு நான் பதில் சொல்லணும். என் வீட்டுக்காரர் தோகுஜி செத்து இன்னும் நாப்பத்தொம்போதாம் நாள் காரியம் கூட ஆகல. பூக் கண்காட்சியில பழக்கம்னு வந்தீங்க, ஊதுபத்தி ஏத்துனீங்க, கும்பிட்டீங்க. கிளம்புவீங்கன்னு பாத்தா, கொல்லைப் பக்க அடுக்களை வரைக்கும் வந்து அவர் ஞாபகமா ஒரு டாலியாப் பூக் கிழங்கு குடுங்கன்னு நிக்கிறீங்க. என் புருஷன் ஞாபகத்த நான் கூறு போட்டா விக்கிறேன்?

என்னது, முன்னாடியே ஒண்ணு குடுத்தாரா? சரி. அத என்ன பண்ணீங்க?

பனிக்காலத்துல பால்கனியிலயா! தொட்டியோடவா! ஏங்க, செண்டாய்ல தண்ணி உறையாதா? கூழாப் போயிருக்குமே. ஓ, நாத்தம் வந்தப்புறம்தான் பாத்தீங்களா? ரொம்ப நல்லா வளத்தீங்க போங்க!

இங்க எங்க யோகொத்தேயில கூரை உசரத்துக்குப் பனி கொட்டும். மொத உறைபனியில இலை கருகினதும் தண்ட வெட்டணும். மண்வெட்டிய நல்லாத் தள்ளி வச்சுத் தோண்டணும். கழுத்து ஒடையக் கூடாது, கண்ணு அங்கதான் இருக்கு. கழுத்து போச்சுன்னா எவ்வளவு குண்டுக் கிழங்கா இருந்தாலும் முளைக்காது, மிசோ சூப்ல போட வேண்டியதுதான். அப்புறம் காய வச்சு, கிழங்கு மேலயே மையால பேர எழுதி, உமியில புதைச்சு, பெட்டியோட அடுக்களைத் தரைக்குக் கீழ குழியில இறக்கணும்.

இதெல்லாம் அவர் செஞ்சார்னா நினைக்கிறீங்க? நல்ல கதையா இருக்கே! பூத்ததும் நறுக்கி எடுத்துக்கிட்டு, புதுச் சட்டை போட்டுக்கிட்டு செண்டாய்க் கண்காட்சிக்கு ரயில் ஏறுவார். அவ்வளவுதான். குனிஞ்சு குனிஞ்சு போனது என் இடுப்பு.

இதோ, குழியிலேர்ந்து பெட்டியத் தூக்கியாச்சு, எது வேணும்? கருஞ்சிவப்பா? அதத்தான் கேப்பீங்கன்னு தெரியும். அதோட பேரு சயோ. சின்ன ராத்திரின்னு அர்த்தம், கிட்டத்தட்டக் கறுப்பாப் பூக்குறதால அந்தப் பேரு வச்சிருக்காங்கன்னார். நானும் மண்டைய ஆட்டுனேன். மறு வருஷம் கிழங்குக் கடையில கேட்டா, அப்படி ஒரு ரகமே கிடையாதுங்குறாங்க.

வாசல்ல உங்க பேர ரெண்டு தடவ சொல்ல வச்சேன்ல? எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது.

ஏன் தலையக் குனியிறீங்க? இந்தாங்க, பிடிங்க. கழுத்து முழுசா இருக்கு, பாத்துக்கோங்க. பெட்டிய ஒரே ஒரு ராத்திரி வெளிய மறந்து வச்சிருந்தாப் போதும், எப்பவோ கூழாகியிருக்கும். கை வரல. கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சு.

எழுத்த அப்படி உத்து உத்துப் பாக்காதீங்க. அது அவர் கையெழுத்து இல்ல. வருஷா வருஷம் புதுக் கிழங்கு, புதுசா எழுதணும். அவர் எழுதுனது மொத வருஷம் மட்டும்தான். மிச்சப் பதினோரு வருஷமும் உங்க பேர எழுதுனது நான்.