துவாதசிக் காலை ரிப்போர்ட்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை பிரேமலதா அம்மா அவர்களே! இரத்தப் பரிசோதனை முகாமை நடத்த வந்திருக்கும் டாக்டர் சம்ரீன் அவர்களே! திருவானைக்காவலிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் திரண்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பத்தாம் வகுப்பு கமலினியின் பணிவான வணக்கம்.

எனக்குக் கொஞ்சம் பயம்தான். மைக்கைப் பார்த்து அல்ல. மூன்றாவது வரிசையில் என் அப்பா லக்ஷ்மிகாந்த் அமர்ந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவரிடம் சொல்லவில்லை!

சிரிக்கிறீர்கள். வீட்டுக்குப் போனபின் என் பாடு எனக்கல்லவா தெரியும்!

எட்டு ஆண்டுகளாக அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எட்டு ஆண்டுகளாக ரிப்போர்ட்டில் குறையே இல்லை. எப்படி? ஏகாதசியன்று முழுப் பட்டினி. மறுநாள் துவாதசிக் காலை, விரதம் முடிக்கும் முன்பே பரிசோதனை. எண் இறங்காமல் என்ன செய்யும்? "பாத்தியா, நார்மல்!" என்று அம்மாவிடம் நீட்டுவார். அன்று மதியமே வெல்லமும் நெய்யுமாக அக்காரவடிசல். மாத்திரை அலமாரியில் தூங்கும்.

சென்ற சித்திரையில், உச்சி வெயிலில், கோயில் பிராகாரத்தில் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓட, அப்பா மட்டும் நிதானமாக நடந்தார். "பெருமாள் அனுக்ரஹம்டி! கல்லு சுடவே இல்லை" என்றார். நாங்களும் பூரித்தோம். மாலையில் அம்மா பார்த்தால், உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்! கல் சுடாமலா கொப்புளம் வந்தது? கல் சுட்டது, தாய்மார்களே! சர்க்கரையால் மரத்துப்போன கால்தான் உணரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு நாள் பட்டினிக்கு ஏமாறாத மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்தார். ஏழுக்குள் இருக்க வேண்டியது, பத்தரை! புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க நேரும் என்றார். "ஏகாதசிக்கு மறுநாள்தான் டாக்டர் இவர் டெஸ்டுக்கே போவார்" என்று அம்மா போட்டு உடைத்தார்.

டாக்டர் சொன்னார்: "சார், இத்தனை வருஷமா ரிப்போர்ட்டுக்குத்தான் பத்தியம் இருந்திருக்கீங்க. காலுக்கு யாரு இருப்பாங்க?"

ஏழு வாரம், ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. விரதம்கூட டாக்டரைக் கேட்டுத்தான். புண் ஆறியது. பத்து விரலும் பத்திரம்!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் சப்பாத்தி தின்பவர் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், தலைகள் குனிவதே போதும்! நோயை மறைத்து யாரை ஏமாற்றுகிறோம்? டாக்டரையா? நம் கண்ணை, நம் காலை, நம்மை நம்பியிருக்கும் பிள்ளைகளை!

வாசலில் நர்ஸ் காத்திருக்கிறார். இருப்பது இருப்பதுபோலத் தெரியட்டும். முதலில் யார் கை நீட்டுவீர்கள்?

அப்பா! நீங்களா எழுந்துவிட்டீர்கள்? என்ன சொல்கிறீர்கள், சத்தமாக...

"மத்யானம் ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன். அதையும் எழுதிக்கோங்கோ!"

அவையோரே, உங்கள் கைதட்டல் எனக்கு வேண்டாம்; அந்த இரண்டு ஜாங்கிரிக்குக் கொடுங்கள்! பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு வணக்கம்.