முப்பத்தாறு ஊட்டுக்கும் ஒரு கல்லு

“ஹலோ... சேலமா? வக்கீலய்யாவா? அம்சவேணி பேசறேனுங்க... ஆமாங்க, அடிவாரத்துல பீர் முகமது பாய் மண்டியிலிருந்துதான்... டில்லியில அரசியல் சட்டம் எழுதறவங்களுக்குப் போற மனுவத் திருத்தோணும். மேல்சபையில பெரிய மாகாணத்துக்கும் சின்ன சமஸ்தானத்துக்கும் ஒரே அளவு இடம்னு எழுதோணும்... தெரியுங்க. அத மட்டும் கேக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்குதுங்க.”

ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். கொல்லிமலையிலிருந்து அவளை இறக்கிப் பி.ஏ. வரை படிக்க வைத்தவர், வக்கீல் அருணாசலம்.

“ஆமாங்க... ஆமாங்க. பத்து லட்சம் பேருக்கு ஒரு ஆளு, தலைக்கணக்குதான் நியாயம். கீழ்ச்சபைக்கு அது இருக்கட்டும். ரெண்டு சபையிலயும் அதேன்னா சின்னவங்க எங்க போயி வாயத் தொறக்கறது?... இல்லீங்க, எந்த ராஜாவுக்காகவும் நான் அழுகல. நான் பண்ணுன தப்புக்கு அழுகறேன்.

“...கைநாட்டா? நூத்திப் பன்னெண்டும் வாங்கிட்டேன். எப்படி வாங்குனேன்னு கேளுங்க. எங்க மலையில நாலஞ்சு ஊரு சேந்தா ஒரு நாடு. கூட்டம் கூடுனா நாட்டுக்கு ஒரு கல்லு வெப்பாங்க. நானூறு ஊடு இருக்கற எங்க நாட்டுக்கும் ஒண்ணு, முப்பத்தாறு ஊடு இருக்கற கருப்பண்ணன் மாமன் நாட்டுக்கும் ஒண்ணு. கடைசிக் கல்லு விழுகாம யாரும் பேச்செடுக்க மாட்டாங்க. ‘டில்லியிலயும் இப்படித்தானா கண்ணு?’ன்னு மாமன் கேட்டாரு... ஆமான்னுட்டேன். மனு இங்கிலீசுல, ரெண்டு சபைக்கும் தலைக்கணக்குன்னுதான் இருந்துச்சு. அவரு பெருவெரலுதான் மொதல்ல விழுந்துச்சு. மத்தவங்க அவரப் பாத்து வெச்சாங்க.

“...சிரிங்க. காட்டுக் கணக்குதான். அந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் ஒரு நாற்காலி ஒடையல. நாற்காலியே இல்லீங்கறது வேற...

“...வேலையா? எனக்கு டில்லியிலயா?... நல்ல வேலதானுங்க.”

கைநாட்டு வாங்கிய மை அவள் விரலில் இன்னும் போகாமல் இருந்தது.

“...படிக்க வெச்சது நீங்கதான், இல்லைங்கல. அந்தப் படிப்ப வெச்சுத்தான் அவங்கள ஏமாத்துனேன்... திருத்துவீங்களா, மாட்டீங்களா?... ஒரு வரிகூடவா?... சரிங்க. கைநாட்டுக் காகிதம் எம்மடியிலதான் இருக்குது. தபாலுக்குப் போகாது. மேல போயி தமிழ்ல படிச்சுக் காட்டப்போறேன். அப்புறமும் வெரல் வெச்சாங்கன்னா நானே அனுப்பறேன்... காறித் துப்புனா வாங்கிக்கறேன்... இல்லீங்க, யோசிச்சாச்சு. வெச்சர்றேனுங்க.”

குரல் வந்துகொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தாள்.

“பாய், வாரேன்.”

மிளகு மூட்டைகளைத் தாண்டி வெளியே நடந்தாள். மலையேறுகிற சந்தைக் கூட்டத்தைத் தனக்காக நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அவள் போனுக்கே வந்திருந்தாள்.