பார்க்கவில்லை என்று சொன்னேன்

காபி வேண்டாம், நன்றி. வெறும் வயிற்றில் இருந்தால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். அறுவைக்கு முன் பட்டினி இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். வயிற்றில் சாப்பாடு இருந்தால், மயங்கும் நேரத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயதானவர்கள் சொன்னபடி பட்டினி கிடப்பார்கள், பாவம். ஆனால் அவர்கள் வயிற்றுக்கு, அதுவும் சர்க்கரை நோய் இருந்தால், அவசரமே கிடையாது. முந்தின வேளைச் சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். அதனால் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவேன். டீ ஆறும் நேரம்கூட ஆகாது.

எங்கள் சர்ஜனுக்கு அதுவும் பொறுக்காது. கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நிற்பார். படுத்திருப்பது பல் போன கிழவராக இருந்தாலும் அதே கேள்விதான்.

"என்ன டாக்டரம்மா, ஆணா பொண்ணா?"

ஆபரேஷன் தியேட்டரே சிரிக்கும். நர்ஸ் மாஸ்க்குக்குள் சிரிப்பாள். தோள் குலுங்குவதில் தெரியும். நானும் சிரித்துவைப்பேன். அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்தவர் ஒரு வயதான தையல்காரர். குடலிறக்கம், சின்ன அறுவைதான்.

"ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைம்மா. காலையில மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணி, பொண்ணு குடுத்தா. தப்பா?"

"தப்பில்லை ஐயா" என்றேன். தப்பில்லைதான்.

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்தேன். வயிறு நிறைந்திருந்தது, கெட்டியாக, திட்டுத்திட்டாக. இரவுச் சாப்பாடு. ஸ்கேன் திரை என் பக்கம் இருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. அறுவையைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் சர்ஜன் உள்ளே வந்து, கேட்பதைக் கேட்டார். இந்த முறை தையல்காரரும் சிரித்தார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே.

நான் திரையை அணைத்தேன். "நீங்க சொன்னா சரி சார். இன்னிக்கு நான் பாக்கலை."

"அப்பாடா, இப்பவாவது வழிக்கு வந்தீங்களே" என்றார்.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். அவருக்கு வரட்டும் என்று நினைத்தேன். படப்போவது வேறொருவர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்சம் மேலே வரும், உறிஞ்சி எடுத்துவிடலாம், அவர் வாயடைத்துப் போவார், அவ்வளவுதான் என் கணக்கு. உறிஞ்சும் குழாயை முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். மூச்சுக்குழலுக்குள் இறங்கி அதைக் காக்கும் ட்யூபை மட்டும் போடவில்லை. போட்டிருந்தால், இந்தச் சின்ன அறுவைக்கு அது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

வந்தது கொஞ்சம் இல்லை. சில நாள் வென்டிலேட்டரில் இருந்தார், பிறகு போய்விட்டார்.

வெளியே நின்ற மகளிடம் பேசியதும் நான்தான். "சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒரு வாய் தண்ணிதான் டாக்டர். அதனாலயா?"

நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாளாம். அவளாக நினைத்துக்கொண்டதற்கு நான் என்ன செய்ய?

சர்ஜன் ஆடிப்போனார். அவர் கேலி செய்ததால்தான் நான் ஸ்கேன் பார்க்கவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அவர் அழுததைக்கூடப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் தலைமை டாக்டரிடம் போய் நின்று, வயதானவர்களுக்கு ஸ்கேன் பார்க்காமல் கத்தி எடுக்கக் கூடாது என்று விதியே கொண்டுவந்துவிட்டார். போன வாரம் அவரை மேடையேற்றிக் கைதட்டினார்கள். எத்தனை பெரியவர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்று பேசினார்கள். எல்லாம் அவரால்தானாம். நர்ஸ் எழுந்து நின்று தட்டினாள்.

நீங்கள் விசாரிக்கிறவர், நியாயம் தெரிந்தவர். தண்டனையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தையல்காரரின் வயிறு நிறைந்திருந்ததைக் கண்டுபிடித்தது சர்ஜன் இல்லை. நான்தான், அதுவும் அறுவைக்கு முன்பே.