கயிறு கட்டுமட்டும்

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் இருக்க இடமில்லை. நின்றபடி போனதால்தான் இது காதில் விழுந்தது. மடிக்கணினிப் பையை அணைத்திருந்த பெண், பக்கத்தில் இருந்த மூத்தவரிடம் சொன்னாள்:

“அக்கா, நான் எழுதினதை ஒரு மனுசரும் வாசிக்கப் போறேல்லை. ஆனா வெண்டிட்டன்!”

“வாசிக்க ஆளில்லாட்டி என்ன வெற்றி?”

“ஏஐ வாசிக்குதெல்லோ. ஒரு இணையப் பக்கம் பிழையா வேலை செய்தா, பிரவுசருக்குள்ள என்ன நடக்குதெண்டு பாக்க எங்கட கொம்பனியில ஒரு கருவி இருக்கு. அதை ஏஐ தானாப் பாவிக்க நான்தான் வழிகாட்டி எழுதினனான். ஆனா ஏஐ ஒவ்வொருக்காலும் ‘பிழை ஒண்டும் இல்லை’ எண்டே சொல்லிச்சுது.”

“ஏன்?”

“‘பக்கத்தைத் திற, பிழையைப் பார்’ எண்டுதான் எழுதியிருந்தன். பக்கம் முழுக்க வரமுந்தியே பாத்திட்டுது. நேற்று இந்தப் படகை நினைச்சன். புதுசா வாற ஆளுக்கு என்ன சொல்லுவம்? கயிறு கட்டுமட்டும் இரும், பிறகு இறங்கும் எண்டெல்லோ? அதே மாதிரி எழுதினன்: ‘பக்கம் முழுக்க வருமட்டும் பொறு, பிறகு பார்.’ உடன பிடிச்சிட்டுது அக்கா! எங்கட ஆக்கள் ஒரு மாசமாத் தேடின பிழை!”

“கெட்டிக்காரி!”

படகு துறையை உரசியது. கயிறு இன்னும் படகுக்காரரின் கையில்தான் இருந்தது. அதற்குள் அவள் பையோடு கரைக்குப் பாய்ந்துவிட்டாள்.

“பிள்ளை, கயிறு கட்டேல்லை!” என்று மூத்தவர் கூப்பிட்டார்.

அவள் திரும்பிக் கையை உயர்த்திச் சிரித்தாள்.

“அது ஏஐக்கு எழுதினது அக்கா!”